புளியமரத்தில் தொங்கிய இஞ்சின்

குவாந்தான் மரலாரிகளின் வருங்காலச் சக்கரவர்த்தியும், உன் அம்மாவின் மீன் குழம்பைக் குறை சொல்லியே ஆறடி வளர்ந்தவனுமாகிய என் மகனே,

உன் கடிதம் வந்தது. சிரம்பான் வேலையை விட்டுவிட்டாய், குவாந்தானில் மரக்கட்டை ஏற்றும் லாரிகளின் பட்டறைக்குத் தலைமை ஏற்கப் போகிறாய், போகும் முன் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டு போவாய் என்பதெல்லாம் தெரிந்தது. காட்டுப் பாதையில் லாரிகள் அடிக்கடி படுத்துக்கொள்கின்றனவாம். டீசல் இஞ்சினை விரைவாக இறக்கி ஏற்றும் வழியை நான் எழுதி அனுப்ப வேண்டுமாம். "சுருக்கமாக எழுதுங்கள் அப்பா" என்று கீழே கோடு வேறு போட்டிருக்கிறாய். யாரிடம் எதைக் கேட்கிறாய் என்று யோசித்தாயா? நான் தும்மினாலே அதற்கு ஒரு முன்னுரையும் முடிவுரையும் உண்டு. உன் அம்மா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "அவன் கேட்டது இஞ்சினப் பத்தி. உங்களப் பத்தி இல்ல. ஞாபகம் இருக்கட்டும்" என்று எச்சரித்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள். நானும் இஞ்சினைப் பற்றி மட்டும் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என் வாழ்நாளில் நான் மிக வேகமாக இறக்கி ஏற்றிய இஞ்சின் எது என்று யோசித்தால், அது ஜப்பான்காரன் காலத்தில், மலாக்காவின் இதே காஜா பேராங்கில், நம் வீட்டுக்கு எதிரே நடந்தது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

முதலில் உன் கேள்விக்குரிய கூலியைக் கொடுத்துவிடுகிறேன். இஞ்சின் இறக்கும்போது நேரம் ஸ்பானர் சுற்றுவதில் போவதில்லை, தேடுவதில் போகிறது. கழற்றிய போல்ட் எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதே துளையில் கையால் லேசாக முடுக்கி வைத்துவிடு. அப்படி வைக்க முடியாததை அதற்குரிய பாகத்தோடு சேர்த்துக் கட்டு. எல்லாவற்றையும் ஒரே தகரத்தில் கொட்டிவைக்கும் ஆள் சுல்தானின் மருமகனாகவே இருந்தாலும் பட்டறைக்குள் விடாதே. பேட்டரிக் கம்பியை முதலில் எடு. தண்ணீரையும் எண்ணெயையும் வடித்துவிடு. ரேடியேட்டரையும் முன்தகடுகளையும் எடுத்துவிட்டால் லாரி பல் போன கிழவன் மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அந்த வாய் வழியாகத்தான் இஞ்சின் வெளியே வர வேண்டும். டீசல் குழாய்களைக் கழற்றிய கையோடு மரக்குச்சி செதுக்கி அடைத்துவிடு. கடுகளவு தூசி உள்ளே போனாலும் பம்ப் செத்தது. பிறகு நீ அங்கப்பிரதட்சணம் செய்தாலும் எழுந்திருக்காது. கியர்பாக்ஸுக்கு அடியில் கட்டை கொடுத்து முட்டு வைத்த பிறகுதான் அதையும் இஞ்சினையும் சேர்த்திருக்கும் போல்ட்டுகளில் கை வைக்க வேண்டும். இவ்வளவும் உனக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாததற்கு வருகிறேன்.

ஜப்பான்காரன் வந்தபோது நம் வீட்டுக்கு எதிரே இருந்த லாரிப் பட்டறையில் நான் மெக்கானிக். சீன முதலாளி குடும்பத்தோடு எங்கோ ஓடிவிட்டார். பட்டறை ஓட முடியாமல் நின்றது. நானும் அதற்குள் நின்றேன். ராணுவம் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. சுற்றிலும் முள்கம்பி, வாசலில் துப்பாக்கியோடு ஒருவன். லாரி வேலை முடியும்வரை மெக்கானிக் வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. அந்த வேலை எப்போது முடிவது? ஒரு லாரி வெளியே போனால் இரண்டு உள்ளே வரும். மலாக்காவில் உள்ள லாரிகள் போதாமல் சந்திரனிலிருந்தும் இறக்குமதி செய்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். லாரிக்கு அடியில் படுத்து, லாரிக்கு அடியிலேயே விழித்தேன். சந்துக்கு அந்தப் பக்கம் நம் வீடு. அடுப்பு புகைகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியும். உன் அம்மா இருமினால் கேட்கும். ஆனால் அந்தச் சந்தைக் கடக்க முடியாது. கப்பலில் வந்த என் அப்பா கடந்த கடல்கூட அத்தனை அகலம் இருந்திருக்காது. நீ அப்போது அவள் வயிற்றில் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாய்.

மத்தியானத்தில் அவள் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கை இலையில் மடித்துக் கம்பிக்கு இடையில் நீட்டுவாள். காவல்காரன் வேறு பக்கம் பார்ப்பதுபோல இருப்பான். அவனுக்கும் அதில் ஒரு துண்டு உண்டு.

"இன்னிக்கும் விடலயா?"

"நாளைக்கு விட்டுடுவான்."

"இதத்தான் போன மாசமும் சொன்னீங்க."

"போன மாசம் சொன்னது சாதாரண நாளைக்கு. இது நிச்சயமான நாளைக்கு."

"சரி, புள்ள பொறந்து நடந்து வந்து கையப் புடிச்சிக் கூட்டிட்டு வரட்டும். அதுவரைக்கும் அந்த லாரிக்கே தாலியக் கட்டிக்கிட்டு இருங்க."

இனி வேலுவைச் சொல்ல வேண்டும். அவரும் அவரோடு நான்கு பேரும் பின்தெருவில் இருந்த மலாக்கா சிட்டிகள். முப்பாட்டன் காலத்தில் தமிழர்களாக வந்து இந்த மண்ணிலேயே கலந்துபோனவர்கள். திருநீறு பூசுவார்கள், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், பேசுவது மட்டும் அவர்களுக்கே உரிய ஒருவகை மலாய். சாமி பெயர்களும் உறவுமுறைகளும் தவிர அவர்கள் வாயில் தமிழ் குறைவு. ராணுவம் எங்கள் பட்டறையின் சங்கிலிக் கப்பியைக் கப்பல் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டது. இஞ்சினை எதை வைத்துத் தூக்குவது? பட்டறை முற்றத்தில் ஒரு புளியமரம் இருந்தது, பலமான கிளை. கையில் கப்பிச் சக்கரம் ஒன்றே ஒன்று. கயிறு இல்லை, ஆள் இல்லை. ஆட்களுக்கு அரிசி கொடுக்கும்படி பட்டறையை மேய்த்த ஜப்பான் சார்ஜெண்டிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வேலுவைக் கூப்பிட்டேன். அவர் நான்கு பேரோடு கோயில் ரதத்தின் வடத்தையும் சக்கரத்துக்குப் போடும் கட்டையையும் தூக்கிக்கொண்டு வந்தார். அவர்கள் ஐந்து பேரும் காலையில் வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம். அந்தப் பாக்கியம் மெக்கானிக்குக்குத்தான் கிடையாது.

அம்மனின் வடத்தை டீசல் இஞ்சினில் கட்டுவதா என்று நீ கேட்பாய். வேலு இஞ்சினுக்கு மஞ்சள் பூசி, சூடம் காட்டி, அம்மனிடம் உத்தரவு வாங்கிய பிறகுதான் கட்டினார். காவல்காரன் அதைப் புதுவகை வெடிகுண்டு என்று நினைத்துத் துப்பாக்கியை நீட்டிக்கொண்டே நின்றான். திருவிழாவில் வேலுவின் வேலை ரதத்தின் சக்கரத்துக்குக் கட்டை போடுவது. ரதம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது இழுக்கிறவர்கள் கையில் இல்லை, கட்டை போடுகிறவன் கையில் இருக்கிறது. அவர் சத்தம் போட மாட்டார். விரலைத் தூக்கினால் தூக்கு, கையை விரித்தால் நிறுத்து, உள்ளங்கையைக் கவிழ்த்தால் மெல்ல இறக்கு. வடம் பிடிப்பவர்கள் ரதத்தைப் பார்க்கவே மாட்டார்கள், அவர் கையைத்தான் பார்ப்பார்கள். இஞ்சினையும் அப்படியே தூக்கினோம். ஊர் உலகத்தில் இஞ்சின் தூக்கும்போது "ஏய் பிடி, விடு, ஐயோ என் விரல்" என்று கேட்கும் கூச்சல் ஒன்றும் எங்களிடம் இல்லை. குருவிகூட மரத்தில் உட்கார்ந்தபடியே இருக்கும்.

அந்தச் சார்ஜெண்டுக்கு நான் வைத்த பெயர் அரைமீசை. மீசையில் ஒரு பக்கம் செழிப்பு, ஒரு பக்கம் பஞ்சம். அவன் இங்கே கத்தினால் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயில் மணி தானாக ஆடும். ஒருநாள் காலையில் அவன் இன்னொரு ராணுவ லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினான். டீசல் இஞ்சின், எடை மூன்று யானையும் அவற்றின் மேல் உட்கார்ந்த ஒரு கங்காணியும். ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயைக் குடித்துக் குடித்து அதன் கிளட்ச் வரை நாற்றம். இஞ்சினை இறக்கி, கிளட்ச் தட்டை மாற்றி, மறுபடி ஏற்ற வேண்டும், எவ்வளவு வேகமாக முடியும் என்று தான் பார்க்க வேண்டும் என்றான். வேகத்துக்கு அரிசி கூடக் கிடைக்கும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். அன்று நான் கழற்றிய வேகத்தில் போல்ட்டுகள் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் தாமாகவே இறங்கின என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். வேலு விரலைத் தூக்கினார். நான்கு பேர் வடத்தை இழுத்தார்கள். இஞ்சின் மூக்கைத் தூக்கிக்கொண்டு, கியர்பாக்ஸை விட்டு வழுக்கிக்கொண்டு, லாரியின் வாய் வழியாக வெளியே வந்து புளியமரத்தில் தொங்கியது. புதுத் தட்டை மாட்டினேன். அரைமீசை கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சிரித்தான். அவன் சிரித்து நாங்கள் பார்த்தது அதுவே முதல் தடவை.

எங்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவர் தோளையும் தட்டினான். அவனுக்குத் தெரிந்த மலாய் நொண்டி மலாய். அவன் சொன்னது இதுதான்: "ஆறு ஆள், ஒரு கை. பாகுஸ். இஞ்சின் உள்ளே போடு. பிறகு இந்த லாரி சயாம். ஆறு ஆளும் இதே லாரியில் சயாம்." பாகுஸ் என்றால் நல்லது என்று அர்த்தம். நல்லது நடந்த முகம் எங்களில் ஒருவருக்கும் இல்லை.

சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். செங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஆட்களை வாரிக்கொண்டு போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. சரி, மெல்லச் செய்து காலத்தைக் கடத்தலாம் என்றால், காலையில் நாங்கள் காட்டிய வேகத்தை அவன் கண்ணால் பார்த்துவிட்டான். இறக்கும்போது பறந்தவன் ஏற்றும்போது ஊர்ந்தால் அதற்குப் பெயர் நாசவேலை. இன்னொரு பட்டறையில் வேண்டுமென்றே போல்ட் மரையைக் கெடுத்தான் என்று ஒருவனை ஜப்பான் ராணுவப் போலீசான கெம்பெய்தாய் கொண்டுபோனது. அவன் செருப்பு மட்டும் பட்டறை வாசலில் கிடந்தது. ஆக, வேகமாக ஏற்றினால் ஆறு பேரும் சயாம். மெல்ல ஏற்றினால் ஆறு பேரும் கெம்பெய்தாய். இஞ்சின் மரத்தில் தொங்குகிறது, எங்களையும் அதே கிளையில் மாட்டியாயிற்று. எனக்கு எப்போதும் எதிலிருந்தும் வழுக்கிக்கொண்டு வெளியே வரத் தெரியும் என்று பீற்றிக்கொள்வேன் அல்லவா, அன்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பி.

வேலு வடத்தைப் பிடித்தபடியே என் காதருகில் பேசினார். அவர் மலாயில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். "ஜாங்ஙான் தாக்குட், தம்பி. பயப்படாத. ஆறு பேர் போனா ஆறு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கலாம்."

"உங்க வீட்டுல யாரு இருக்காங்க பாத்துக்க?"

"அம்மன் இருக்கா."

"அம்மனுக்கு வடம் புடிக்க ஆளு வேணுமே. நீங்க அஞ்சு பேரும் வடத்தோட சயாம் போயிட்டா அவ நடந்தா வருவா?"

"வேற வழி சொல்லு."

வழி ஒன்று என் மண்டையில் அப்போதுதான் எட்டிப் பார்த்தது. அதை வீரம் என்று நினைத்துக்கொள்ளாதே. இந்த ஐந்து பேரும் ஒன்றாகச் சேர்ந்தால் பாட ஆரம்பித்துவிடுவார்கள்; சயாம் வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டு போக எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான் என்று உன் அம்மாவிடம் இன்றுவரை சொல்லிவருகிறேன். "வடத்த மரத்துல அஞ்சாறு சுத்து சுத்திட்டு, நான் என்ன சொன்னாலும் கோவப்படுங்க" என்றேன். அவர்கள் சுற்றினார்கள். நான் அரைமீசையின் முன்னால் போய் இடுப்பு ஒடியக் குனிந்தேன்.

"துவான், இந்த அஞ்சு பேரும் வெறும் கயிறு. இழுக்கத் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது. சயாம் போற வழியெல்லாம் அஞ்சு வாய்க்குச் சோறு போடணும். இத ஏத்த நான் ஒருத்தன் போதும்."

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. யோசிக்கும் முன் அறைவது அவன் பழக்கம். பிறகு யோசித்தான். இறக்கிய அதே வேகத்தில் நீ ஒருவனே ஏற்று, ஏற்றினால் நீ மட்டும் சயாம், முடியாவிட்டால் நீ சொன்னது பொய், பொய்க்கு ஆறு பேரும் கெம்பெய்தாய் என்று விரலை மடக்கிச் சொல்லி முடித்தான். வேலு முற்றத்தில் காறித் துப்பினார். "எங்களயா கயிறுங்கற? செய்யி பாப்போம். முதுகு ஒடியட்டும்" என்று கையிலிருந்த ரதக்கட்டையைத் தூக்கி எறிந்தார். அது சரியாக என் காலடியில் வந்து விழுந்தது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

மகனே, இனிமேல் எழுதுவதைக் கவனித்துப் படி, குவாந்தான் காட்டில் ஆள் இல்லாத நாளில் உதவும். இஞ்சினை லாரிக்குக் கொண்டு போகாதே. தொங்குவது அங்கேயே தொங்கட்டும். லாரியை அதன் அடிக்குக் கொண்டு வா. பின்சக்கரத்துக்கு அடியில் கடப்பாரையைச் செருகி நெம்பினால் எவ்வளவு பெரிய லாரியும் ஒரு சாண் நகரும். நகர்ந்ததும் ஓடிப்போய்க் கட்டையைப் போடு, மறுபடி நெம்பு. மரத்தில் பல சுற்றுச் சுற்றிய வடத்தை ஒருவன் ஒரு கையால் தாங்கலாம். மரமே மீதி எடையைப் பிடித்துக்கொள்ளும். விரல்கடை விரல்கடையாக விட்டால் இஞ்சின் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இறங்கும். நான் கடப்பாரைக்கும் மரத்துக்கும் இடையில் ஓடிய ஓட்டத்தில் முற்றத்தில் ஒரு வாய்க்காலே விழுந்துவிட்டது. ஐந்து பேரையும் கம்பியோரம் உட்கார வைத்திருந்தார்கள். கம்பிக்கு வெளியே உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

இஞ்சின் இறங்கியது. லாரியைக் கடைசியாக நெம்பியபோது கியர்பாக்ஸின் தண்டு கிளட்சுக்குள் போக மறுத்தது. பாதி விரல் நுழைந்து நின்றது. இந்த இடத்தில்தான் அவசரக்காரன் போல்ட்டைப் போட்டு முடுக்கி இழுப்பான். இழுத்தால் புதுத் தட்டு வளையும். லாரி ஒரு மைல் போய் நிற்கும். எங்களுக்கு அந்த ஒரு மைல்தான் ஆயுள். கியரைப் போட்டு, முன்னால் மாட்டிச் சுற்றும் கைப்பிடியால் இஞ்சினை மயிரிழை மயிரிழையாகச் சுற்றிப் பார்த்தேன், பற்கள் சேரட்டும் என்று. சேரவில்லை. அரைமீசை கடிகாரத்தைத் தட்டினான். என் கண்ணில் வியர்வை. தலையைத் தூக்கியபோது கம்பியோரம் வேலு ஈ ஓட்டுவதுபோல முகத்துக்கு முன்னால் கையைக் கொண்டுபோய், ஒரு விரலை மட்டும் மேலே தூக்கி வைத்திருந்தார். தூக்கு என்கிறார். எதை என்று பார்த்தேன். கியர்பாக்ஸ் முட்டுக்கட்டையில் ஒரு பக்கம் அழுந்தித் தலை குனிந்திருந்தது. நான் இருந்த இடத்திலிருந்து அது தெரியாது. ஒரு சிராய்த் துண்டை அடியில் தட்டினேன். கைப்பிடியை மறுபடி தொட்டேன். தண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. தாழ்ப்பாள் விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

மீதி உனக்குத் தெரிந்த வேலை. சுற்றிலும் போல்ட்டுகளைக் கையால் முடுக்கிவிட்டுப் பிறகு எதிரெதிராக இறுக்கினேன். குழாய்கள், ரேடியேட்டர், எண்ணெய், தண்ணீர். கடைசியில் டீசலில் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும்; பம்பின் திருகைத் தளர்த்தி, நுரை நின்று எண்ணெய் மட்டும் வரும்வரை கையால் அடிக்க வேண்டும். இதில் அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்து பேட்டரியைக் கொன்றவர்களை வரிசையாக நிறுத்தினால் ஆயர் குரோ காடு வரை நிற்பார்கள். நான் அவசரப்படவில்லை. இஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. எரிந்த ரப்பர் நாற்றம் முற்றமெல்லாம் பரவியது. அரைமீசை கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மீசையின் ஏழைப் பக்கத்தைத் தடவினான். பிறகு ஐந்து பேரின் பக்கம் கையை வீசி, "பூலாங்" என்றான். வீட்டுக்குப் போ என்றான். அவர்கள் போகும்போது வேலு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கெட்டுவிடும் என்று அவருக்குத் தெரியும்.

உன் அம்மா கம்பியருகே வந்தாள்.

"அவங்கள அனுப்பிட்டீங்க."

"ஆமா."

"உங்களயும் சேத்து அனுப்ப ஒரு வழி தோணலயா இந்த மண்டைக்கு?"

"தோணுறதுக்குள்ள இஞ்சின் ஸ்டார்ட் ஆயிடுச்சு."

அவள் சிரிக்கவில்லை. கிழங்கு மடித்த இலையை நீட்டினாள். "எங்க கொண்டு போனாலும் வேலைய நல்லா செய்ங்க. வேலை தெரிஞ்சவனக் கொல்ல மாட்டாங்க" என்றாள். அன்று சாயங்காலம் நானே ஏற்றிய இஞ்சின் என்னை ஏற்றிக்கொண்டு போனது. எவ்வளவு ஒழுங்காக ஓடியது தெரியுமா? வழியில் ஒருமுறைகூட நிற்கவில்லை. நிற்காதா என்று ஒவ்வொரு மேட்டிலும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சயாமைப் பற்றி எழுதுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. எதையும் பத்து மடங்காக ஊதிச் சொல்லுகிறவன் நான், நீயே எத்தனை முறை கேலி செய்திருக்கிறாய். அங்கே பார்த்ததை ஊதவும் முடியவில்லை, உள்ளபடி சொல்லவும் முடியவில்லை. பட்டறை ஆளாக இருந்ததால் கூரைக்குக் கீழே படுத்தேன். அதனால் உயிரோடு இருந்தேன். வெளியே மழையில் வேலை செய்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

சண்டை முடிந்து நான் காஜா பேராங்குக்குத் திரும்பியபோது உனக்கு நடக்கவும் ஓடவும் கடிக்கவும் தெரிந்திருந்தது. முற்றத்தில் வேலுவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றாய். உன் அம்மா தையல் வேலைக்கும் கிழங்குக் கொல்லைக்கும் ஓடிக்கொண்டிருந்த நாளெல்லாம் அந்த ஐந்து வீடுகளில் மாறி மாறி வளர்ந்திருக்கிறாய். உனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒருவர் மலாக்கா முழுதும் மருந்து தேடினாராம். ஒருவர் தன் பிள்ளைக்கு வைத்திருந்த அரிசியில் பாதியை உனக்குக் கஞ்சி வைத்தாராம். உன் வாயில் தமிழ் ஒரு சொல் இல்லை. சிட்டிப் பேச்சு மட்டும் மழையாகக் கொட்டுகிறாய். எலும்பும் தாடியுமாக நின்ற என்னைக் காட்டி, "சாப்பா டியா?" என்று வேலுவிடம் கேட்டாய். யார் இவன் என்று.

எனக்கு மலாய் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் எந்த மொழியும் வாயில் வரவில்லை. "நான் அவன் அப்பான்னு சொல்லுங்க" என்றேன் வேலுவிடம். அவர் உட்கார்ந்து உன் காதில் சொன்னார். நீ என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாய். சந்தையில் மீன் வாங்குகிறவன் பார்ப்பதுபோலப் பார்த்தாய். பிறகு ஒரு கையை விரித்து என் முகத்துக்கு நேராகக் காட்டி வேலுவிடம் என்னவோ முணுமுணுத்தாய். கிட்டே வராதே என்கிறாய் என்று நினைத்து நான் இரண்டடி பின்னால் போனேன்.

வேலு சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "அப்படி இல்ல, தம்பி. அப்பா வேணாமாம் அவனுக்கு. ஏற்கெனவே அஞ்சு பேரு இருக்காங்களாம்."

"அப்ப ஆறாவதா சேத்துக்கச் சொல்லுங்க" என்றேன்.

நீ உடனே ஒத்துக்கொள்ளவில்லை. யோசித்துச் சொல்வதாக வேலுவின் தோளில் ஏறிக்கொண்டு போனாய். ஆகவே, குவாந்தான் புறப்படும் முன் நீ இங்கே வரும்போது நேராக நம் வீட்டுக்குள் நுழைந்துவிடாதே. பின்தெருவுக்குப் போ. ஐந்து வீட்டிலும் ஏறிக் காலில் விழுந்து, அவர்கள் போடுவதைச் சாப்பிட்டு, சொல்லிக்கொண்டு வா. வயிற்றில் இடமில்லை என்று உன் அம்மாவிடம் சொல்லாதே. என் முறை கடைசியில்.

அவசரமில்லை, காத்திருக்கிறேன்.

உன்
ஆறாவது அப்பா